டூயல் எனர்ஜி சி.டி. ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்: ஸ்கேன் முதல் அயோடின் மேப் வரை முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. டெக்னீஷியனாக இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கும் பயிற்சிக்கு வருகிற மாணவர்களுக்கும் டூயல் எனர்ஜி, அதாவது இரண்டு வேறு எக்ஸ்-ரே எனர்ஜியில் எடுத்து உள்ளே என்ன பொருள் என்று பிரிக்கிற முறை, சொல்லித் தருவது பெரும்பாலும் என் பொறுப்பு. எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஸ்கேன் முடிந்த கையோடு கலர் படத்தைத் திறந்துவிடுகிறார்கள். செலுத்திய கான்ட்ராஸ்ட் மருந்தின் அயோடின் எங்கே எவ்வளவு என்று காட்டுகிற அயோடின் மேப் ஆரஞ்சு நிறத்தில் திரையில் வந்து நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கலருக்கு மூலமான இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒழுங்காக வந்தனவா என்று பார்ப்பவர் குறைவு. கலர் படம் தப்பாக இருந்தாலும் அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து.

அதனால் வேலையின் வரிசைப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு படியிலும் ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், காரணம் தெரியாமல் செய்கிற படிதான் அவசரத்தில் முதலில் விட்டுப்போகும்.

1. கணக்கு என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு மூட்டை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மல்லியும் அரளியும் கலந்து கிடக்கிறது. மூட்டையின் எடை 10 கிலோ. எடை மட்டும் தெரிந்தால் மல்லி எத்தனை கிலோ, அரளி எத்தனை கிலோ என்று சொல்ல முடியாது. மொத்த விலை 6,000 ரூபாய், மல்லி கிலோ 1,000, அரளி கிலோ 200 என்றும் தெரிந்தால் கணக்கு போட்டுவிடலாம்: இரண்டும் ஐந்து ஐந்து கிலோ. தெரியாதவை இரண்டு என்றால் அளவீடும் இரண்டு வேண்டும்.

சாதாரண சி.டி. என்பது எடை மட்டும் பார்ப்பது மாதிரி. ஒரு பிக்சல் 130 ஹெச்.யு. (சி.டி. படத்தின் வெளிச்ச அளவு, தண்ணீர் 0) என்றால் அது அயோடினா, கால்சியமா, ரத்தமும் இன்னொன்றும் கலந்ததா என்று அந்த எண் சொல்லாது. குறைந்த எனர்ஜியில் ஒரு தடவை, கூடிய எனர்ஜியில் ஒரு தடவை என்று இரண்டு அளவீடு எடுத்தால்தான் இரண்டு பொருளாகப் பிரிக்க முடியும்.

இது நடப்பதற்குக் காரணம், உடம்பில் எக்ஸ்-ரே குறைவது இரண்டு வழியில் என்பதுதான். ஒன்று ஃபோட்டோ எலெக்ட்ரிக், அது அணு எண் கூடக் கூட மிக வேகமாக ஏறும், எனர்ஜி கூடக் கூட மிக வேகமாக இறங்கும். இன்னொன்று காம்ப்டன் சிதறல், அது பெரும்பாலும் எலெக்ட்ரான் அடர்த்தியைப் பொறுத்தது, எனர்ஜி மாறினாலும் மெதுவாகத்தான் மாறும். அயோடினின் அணு எண் 53, அதன் கே-எட்ஜ், அதாவது எக்ஸ்-ரேயை உறிஞ்சுவது திடீரென்று ஏறுகிற எனர்ஜி, 33.2 கே.ஈ.வி. (எக்ஸ்-ரே எனர்ஜியின் அலகு). அதற்குச் சற்று மேலே உள்ள எனர்ஜியில் அயோடின் பளிச்சென்று தெரியும், எனர்ஜி ஏற ஏற மங்கிப் போகும். தண்ணீர் அப்படி மாறுவதில்லை. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நம் வேலை முழுவதும் ஓடுகிறது.

அதே மூட்டையில் அரளிக்குப் பதிலாகப் பிச்சி இருந்து, அதன் விலை கிலோ 900 என்றால் என்ன ஆகும்? மொத்த விலையில் 100 ரூபாய் தப்பாகக் கணித்தால் மல்லியின் எடையில் ஒரு கிலோ தப்பு வரும். அரளி இருந்தபோது அதே 100 ரூபாய்த் தப்புக்கு 125 கிராம்தான் தப்பு. இரண்டு விலைகளும் நெருங்கி இருந்தால் சின்னப் பிழைகூடப் பெரிதாகிவிடுகிறது. சி.டி.யில் அந்தச் சின்னப் பிழைக்குப் பெயர் நாய்ஸ், படத்தில் பொடி பொடியாகத் தெரிகிற ஏற்ற இறக்கம். இரண்டு எனர்ஜியும் எவ்வளவு விலகி இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று சொல்வது இதனால்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 6-ஆவது பகுதியில் எண்களோடு திரும்ப வரும்.

2. உங்கள் மெஷின் எந்த வகை, பிரிப்பது எந்தக் கட்டத்தில்

இதைத் தெரியாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். ஒரு மெஷினில் பழகிய பழக்கத்தை இன்னொன்றில் அப்படியே செய்து மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டூயல் சோர்ஸ்: எக்ஸ்-ரே விடுகிற டியூப் இரண்டு, அதைப் பிடிக்கிற டிடெக்டர் இரண்டு, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக இருக்கும். ஒரு டியூப் 80 அல்லது 100 கே.வி. (டியூபின் உச்ச மின்னழுத்தம்), மற்றது 140 அல்லது 150. கூடிய கே.வி. டியூபுக்கு முன்னால் தகர ஃபில்டர் வைத்து அதிலுள்ள குறைந்த எனர்ஜிக் கதிர்களை வடிகட்டிவிடுகிறார்கள், அதனால் இரண்டு எனர்ஜியும் நன்றாக விலகி நிற்கும். ஆனால் ஒரே கதிர்ப்பாதையை இரண்டு டியூபும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் படமாக்கிவிட்டு, படத்தில் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். இது இமேஜ் டொமைன் முறை.

ராப்பிட் கே.வி. ஸ்விட்சிங்: ஒரே டியூப், ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்தில் 80-க்கும் 140-க்கும் மாறி மாறி ஓடும். அடுத்தடுத்த வியூக்கள் (ஒவ்வொரு கோணத்திலும் எடுக்கிற அளவீடுகள்) ஏறக்குறைய ஒரே இடத்தைப் பார்ப்பதால், படமாக்குவதற்கு முன்பே, சைனோகிராம் (படமாக்காத மூல அளவீடு) நிலையிலேயே பிரித்துவிடலாம். இது ப்ரொஜெக்‌ஷன் டொமைன்.

டூயல் லேயர் டிடெக்டர்: டியூபும் ஒன்று, கே.வி.யும் ஒன்று. டிடெக்டரில்தான் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கு குறைந்த எனர்ஜியைப் பிடிக்கும், மிச்சத்தைக் கீழ் அடுக்கு பிடிக்கும். நேரமும் இடமும் துல்லியமாகப் பொருந்தும், இதிலும் ப்ரொஜெக்‌ஷன் டொமைன்தான். முன்கூட்டியே டூயல் எனர்ஜி என்று முடிவு செய்யாமல் எடுத்த ஸ்கேனிலும் பிறகு பிரித்துப் பார்க்க முடிவது இதன் பெரிய வசதி.

இவை தவிர ஒரே பீமின் பாதிக்குத் தங்க ஃபில்டரும் மறுபாதிக்குத் தகர ஃபில்டரும் வைக்கிற முறை உண்டு. ஒரு கே.வி.யில் ஒரு சுற்று, அடுத்த கே.வி.யில் இன்னொரு சுற்று என்று எடுக்கிற முறையும் உண்டு. இவற்றில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது நோயாளியின் அசைவுதான்.

இமேஜ் டொமைனா, ப்ரொஜெக்‌ஷன் டொமைனா என்பது ஏன் முக்கியம்? எக்ஸ்-ரே உடம்புக்குள் போகப் போக அதன் குறைந்த எனர்ஜிப் பகுதி முதலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது, அதாவது பீம் ஹார்டனிங். ப்ரொஜெக்‌ஷன் நிலையில் பிரித்தால் அந்த விளைவைக் கணக்கிலேயே சேர்த்துத் தீர்க்கலாம். படமாக்கிய பிறகு பிரித்தால், முதலில் தண்ணீரை வைத்துச் செய்த திருத்தத்தோடுதான் வாழ வேண்டும். எலும்பு நிறைய உள்ள இடத்திலும், அடர்த்தியாக மருந்து நிற்கிற இடத்திலும் மிச்சப் பிழை அயோடின் மேப்பில் போய் உட்காரும். டூயல் சோர்ஸ்காரர்கள் தோள், இடுப்பு பக்கத்தில் அயோடின் எண்ணை எடுக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிலையையும் ஒன்றாக்கி, சைனோகிராமிலிருந்து நேரடியாகத் தண்ணீர்ப் படத்தையும் அயோடின் படத்தையும் ஒரே மூச்சில் இட்டரேட்டிவாக, அதாவது திரும்பத் திரும்பக் கணக்கிட்டுத் திருத்தி, கண்டுபிடிக்கிற முறைகளும் இருக்கின்றன. நாய்ஸ் விஷயத்தில் அவை நல்லவை, கணினி வேலை மிக அதிகம்.

3. டேபிளில் ஏற்றுவதற்கு முன்

முதல் கேள்வி: டாக்டர் என்ன கேட்கிறார்? சிறுநீரகக் கல் எந்த வகை என்று கேட்கிறாரா, கட்டியில் மருந்து ஏறியிருக்கிறதா என்று கேட்கிறாரா, இடுப்பில் போட்ட இம்பிளான்ட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டுமா? கேள்வியைப் பொறுத்து கே.வி. ஜோடி, ஸ்கேன் தூரம், மருந்து வேண்டுமா வேண்டாமா எல்லாம் மாறும். ரெக்விசிஷனில் தெளிவாக இல்லையென்றால் ஃபோன் போட்டுக் கேளுங்கள். இரண்டு நிமிட ஃபோன் பேச்சு ஒரு ரிப்பீட் ஸ்கேனைத் தவிர்க்கும்.

காலையில் வார்ம்-அப்பும் ஏர் கேலிப்ரேஷனும் (காற்றை மட்டும் ஸ்கேன் செய்து டிடெக்டரைச் சரிசெய்வது) செய்யாமல் டூயல் எனர்ஜி எடுக்க வேண்டாம். சாதாரண ஸ்கேனில் 3 ஹெச்.யு. நகர்ந்தால் யார் கண்ணிலும் படாது. இங்கே இரண்டு படங்களின் வித்தியாசத்தை வைத்துக் கணக்கு போடுகிறோம். ஒரு பக்கம் மட்டும் 3 நகர்ந்தால் அது நேராக அயோடின் அளவில் போய்ச் சேரும்.

நோயாளி எவ்வளவு பருமன் என்று கண்ணால் பாருங்கள். மெலிந்தவருக்கு 80 கே.வி. போதும். பருமனானவருக்கு 80 கே.வி. கதிர் மறுபக்கம் வந்து சேராமலேயே நின்றுவிடும், குறைந்த எனர்ஜிப் படம் முழுவதும் கோடும் பொடியுமாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு 100 கே.வி.க்கு மாறுங்கள். எனர்ஜி விலகல் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஃபோட்டானே (எக்ஸ்-ரே துகளே) வராத படத்தைவிட அது மேல்.

இரண்டாவது டியூபின் எஃப்.ஓ.வி. (அது பார்க்கிற வட்டம்) சிறியது என்பதை டூயல் சோர்ஸ் வைத்திருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். மாடலைப் பொறுத்து 26, 33, 35.5 செ.மீ. என்று இருக்கும். பார்க்க வேண்டிய உறுப்பு அந்த வட்டத்துக்கு வெளியே போனால் அங்கே டூயல் எனர்ஜி தகவலே கிடையாது. வலது பக்கக் கல்லீரல் ஓரம் வட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று ஸ்கேன் முடிந்த பிறகு கண்டுபிடிப்பது எங்கள் சென்டரிலும் நடந்திருக்கிறது. டோப்போகிராம் (இடம் குறிக்க முதலில் எடுக்கிற படம்) எடுத்தவுடன் வட்டத்தைச் சரிபாருங்கள், தேவைப்பட்டால் நோயாளியை ஒரு பக்கமாக நகர்த்திப் படுக்க வையுங்கள்.

4. ஸ்கேன் எடுக்கும்போது

மூச்சுதான் பெரிய விஷயம். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க அய்யா" என்று சொல்லிவிட்டு உடனே பட்டனை அமுக்காதீர்கள். டேபிளில் ஏற்றுமுன் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிடுங்கள். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து வயலிலும் குவாரியிலும் வேலை செய்கிற பெரியவர்கள் வருவார்கள். ஸ்பீக்கரில் வருகிற ரெக்கார்டிங் குரலைவிட, பக்கத்தில் நின்று நாம் சொல்வதைத்தான் கேட்டுச் செய்வார்கள். இரண்டு எனர்ஜிப் படங்களுக்கும் நடுவில் ஒரு மி.மீ. அசைந்தால்கூட உறுப்பின் ஓரத்தில் ஒரு பக்கம் கலர், மறுபக்கம் கறுப்பு என்று போலி விளிம்பு வந்துவிடும்.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். கைகள் உடம்போடு ஒட்டி இருந்தால் அந்த எலும்பிலிருந்து வரும் கோடுகள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் பொய் அயோடினாகத் தெரியும்.

மருந்து செலுத்தினால் பின்னாலேயே சலைன் தள்ளுங்கள். நெஞ்சு ஸ்கேனில் மேல் பெருஞ்சிரையில் மருந்து அடர்த்தியாகத் தேங்கி நின்றால் பக்கத்து நுரையீரலில் ரத்த ஓட்டமே இல்லாத மாதிரி அயோடின் மேப்பில் கறுப்புக் கோடு விழும். அது எம்பாலிசம் (ரத்தக்குழாய் அடைப்பு) இல்லை, கோடுதான். ஆனால் பார்ப்பவரைக் குழப்பிவிடும்.

கல்லுக்காக வருகிறவர்களுக்கு நாங்கள் செய்கிற வரிசை இது: முதலில் முழு வயிற்றுக்கும் குறைந்த டோஸில் சாதாரண ஸ்கேன். கல் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகு அந்த இடத்துக்கு மட்டும் டூயல் எனர்ஜி. முழு வயிற்றுக்கும் இரண்டு எனர்ஜி தேவையில்லை, டோஸும் மிச்சம்.

5. இரண்டு எனர்ஜிப் படங்களையும் ரீகன்ஸ்ட்ரக்ட் செய்வது

கன்சோலில் லோ, ஹை என்று இரண்டு ரீகன் வேலைகள், அதாவது அளந்த தரவிலிருந்து படம் கட்டுகிற வேலைகள், இருக்கும். ஸ்லைஸ் தடிமன், இடைவெளி, எஃப்.ஓ.வி., மையப்புள்ளி, கெர்னல் (படத்தின் கூர்மையை முடிவு செய்கிற கணக்கு ஃபில்டர்), இட்டரேட்டிவ் வலிமை என எல்லாமே இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு செட்டிங் மாறினாலும் ஒரு படத்தின் பிக்சல் மற்றதன் அதே பிக்சலோடு பொருந்தாது. பொருந்தாத இரண்டைக் கழித்தால் வருவது பொருளின் அளவு இல்லை, வெறும் பொருத்தப் பிழை.

தடிமன் 1 முதல் 1.5 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள், இடைவெளி அதைவிடக் கொஞ்சம் குறைவாக. சிலர் நாய்ஸ் குறையட்டும் என்று 5 மி.மீ. போட்டுவிடுகிறார்கள். 4 மி.மீ. கல் அந்த ஸ்லைஸுக்குள் பக்கத்துத் திசுவோடு கலந்து, தன் அடையாளத்தையே இழந்துவிடும். மெல்லியதாகப் பிரித்துவிட்டு, ரிப்போர்ட்டுக்கு அனுப்பும்போது 3 மி.மீ.யாகத் தடிமனாக்கிக்கொள்ளலாம்.

கெர்னல் விஷயத்தில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. எலும்புக்கு ஷார்ப் கெர்னல் போட்டுப் பழகிய கை, கல்லுக்கும் ஷார்ப் போட்டுவிடும். ஷார்ப் கெர்னல் விளிம்பைத் தூக்கிக் காட்டுவதற்காக ஓரத்தில் ஹெச்.யு.வை உண்மையைவிட ஏற்றியோ இறக்கியோ விடும். கண்ணுக்கு அழகு, கணக்குக்குக் கேடு. மென்மையான, விளிம்பைத் தூக்காத கெர்னல்தான் இங்கே சரி. சீமென்ஸ் மெஷின்களில் கியூ.ஆர். என்று தொடங்குகிற கெர்னல்கள் இதற்கென்றே உள்ளவை.

இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனை நடு வலிமையில் வையுங்கள். பழைய ஒரே தடவைக் கணக்கு முறையான ஃபில்டர்ட் பேக் ப்ரொஜெக்‌ஷனில், குறிப்பாகக் குறைந்த கே.வி. படத்தில், நாய்ஸ் அதிகம், அது அடுத்த படியில் இன்னும் பெருகும். அதற்காக வலிமையை உச்சத்துக்கு ஏற்றினால் படம் மெழுகு பூசின மாதிரி ஆகி, சின்னக் கல்லின் ஓரமும் சின்னக் கட்டியின் உள் வித்தியாசமும் கரைந்து போகும். டீப் லேர்னிங் ரீகன் இருக்கிற மெஷினிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

6. பிரிப்பதற்கு முன் நிறுத்துங்கள், இரண்டு படத்தையும் பாருங்கள்

இந்தப் படியை யாரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் என் கணக்கில் இதுதான் முக்கியமானது. லோவையும் ஹையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று இடத்தில் வட்டம் போட்டு அளந்து பாருங்கள்.

சிறுநீர்ப்பை, பித்தப்பை, மூளைத் தண்டுவட நீர் மாதிரி ஏதாவது ஒரு நீரை அளங்கள். இரண்டு படத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும், ஏனென்றால் ஹெச்.யு. அளவே தண்ணீரை 0 என்று வைத்துக் கட்டியது. மருந்து இறங்கிவிட்ட சிறுநீர்ப்பையை இதற்கு எடுக்காதீர்கள்.

தோலுக்கடியில் உள்ள கொழுப்பை அளங்கள். லோ படத்தில் அது இன்னும் கொஞ்சம் மைனஸாக இருக்க வேண்டும். மருந்து போட்ட பெருந்தமனியை அளங்கள், லோ படத்தில் நன்றாகக் கூடியிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தலைகீழாக இருந்தால் கணக்குக்குப் போகாதீர்கள். லோவும் ஹையும் இடம் மாறி ஏற்றப்பட்டிருக்கலாம், அசைந்திருக்கலாம், கேலிப்ரேஷன் நகர்ந்திருக்கலாம்.

டூயல் லேயர், ஸ்விட்சிங் மெஷின்களில் லோ, ஹை படங்கள் நேரடியாகக் கைக்கு வராமல் போகலாம். அங்கே 50, 100 கே.ஈ.வி. மோனோ படங்களை (ஒற்றை எனர்ஜியில் எடுத்தது போலக் கணக்கிட்ட படங்கள், 7-ஆவது பகுதியில் வரும்) வைத்து இதே சோதனையைச் செய்துகொள்ளலாம்.

சரி, இப்போது பிரிக்கிற கணக்கு. எளிதாக இருக்கட்டும் என்று எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு மி.லி.க்கு 1 மில்லிகிராம் அயோடின் லோ படத்தில் 40 ஹெச்.யு., ஹை படத்தில் 13 ஹெச்.யு. ஏற்றுகிறது என்று வைப்போம். ஒரு பிக்சல் லோவில் 180, ஹையில் 72. வித்தியாசம் 108. ஒரு மில்லிகிராமுக்கு வித்தியாசம் 40-லிருந்து 13 போக 27. 108-ஐ 27-ஆல் வகுத்தால் 4. ஆக அயோடின் 4 மில்லிகிராம்/மி.லி. அந்த அயோடினின் பங்கு ஹையில் 52, அதைக் கழித்தால் 20 மிச்சம். லோவில் 160 கழித்தாலும் அதே 20. அந்த 20-தான் மருந்து இல்லாதது போன்ற படம், அதாவது வி.என்.சி.

நாய்ஸ் என்ன ஆகிறது என்று பாருங்கள். இரண்டு படத்திலும் நாய்ஸ் 12 என்றால் வி.என்.சி.யில் அது கிட்டத்தட்ட 19 ஆகிவிடும். எனர்ஜி விலகல் மோசமாக இருந்து ஹை படத்தில் 13-க்குப் பதில் 20 ஏறினால், அதே 12 நாய்ஸ் 27 ஆகும். பிச்சிப் பூக் கணக்கு இதுதான். மாறாக, இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு படம் செய்தால் நாய்ஸ் 8.5-க்கு இறங்கிவிடும். அதனால்தான் பொதுவாகப் பார்க்கக் கலப்புப் படத்தையும், கேள்விக்குப் பதில் தேட மட்டும் பிரித்த படத்தையும் பயன்படுத்துகிறோம்.

கல்லீரல் மாதிரி இடத்தில் கொழுப்பு, திசு, அயோடின் என்று மூன்று பொருளாகப் பிரிப்பார்கள். இரண்டு அளவீட்டில் மூன்று எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. மூன்றும் சேர்ந்தால் மொத்தக் கன அளவு என்று மூன்றாவது சமன்பாட்டை அனுமானமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். கல்லீரலில் இரும்பு படிந்திருந்தால், அதாவது பட்டியலில் இல்லாத நாலாவது பொருள் வந்தால், அனுமானம் உடையும், மென்பொருள் அதைச் சொல்லாது.

7. மோனோ படம்: எந்த கே.ஈ.வி.?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 70 கே.ஈ.வி. என்பதும் 70 கே.வி. என்பதும் ஒன்றில்லை. கே.வி. என்பது டியூபின் உச்சம், அதிலிருந்து வருவது கலவையான கதிர், 120 கே.வி. கதிரின் சராசரி 60, 70-ஐ ஒட்டி இருக்கும். கே.ஈ.வி. என்பது ஒற்றை எனர்ஜி. பிரித்த தண்ணீரையும் அயோடினையும் வைத்து, அந்த ஒரே எனர்ஜியில் எடுத்திருந்தால் படம் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டுத் திரும்பக் கட்டுகிறோம்.

பழகிய 120 கே.வி. படம் மாதிரி வேண்டுமா, 70 வையுங்கள். ரத்தக்குழாய் மங்கலாக இருக்கிறது, கட்டி பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால் 40 முதல் 55 வரை இறங்குங்கள். 1 மில்லிகிராம்/மி.லி. அயோடின் 70-இல் சுமார் 26 ஹெச்.யு. காட்டும், 40-இல் சுமார் 82. மூன்று மடங்குக்கு மேல்.

புதியவர்கள் 40-ஐத் திறந்ததும் "அக்கா, எல்லாமே வெள்ளையா இருக்கு" என்பார்கள். படத்தில் தப்பில்லை, விண்டோ (கறுப்பிலிருந்து வெள்ளை வரை காட்டுகிற ஹெச்.யு. வீச்சு) பழைய 400 அகலத்திலேயே நிற்கிறது. விண்டோவை அகலமாக்கி, மையத்தையும் ஏற்றுங்கள்.

40-இல் நாய்ஸ் கூடுவது பழைய முறையில் பெரிய தொல்லை. இப்போது பல மென்பொருட்கள் 40-இன் கான்ட்ராஸ்டையும், 70-ஐ ஒட்டிய படத்தின் குறைந்த நாய்ஸையும் அலைவரிசை வாரியாகப் பிரித்துச் சேர்த்துவிடுகின்றன. உங்கள் மெனுவில் மோனோ என்றும் மோனோ பிளஸ் என்றும் இரண்டு இருந்தால் பிளஸைத் தேர்ந்தெடுங்கள்.

உலோகத்துக்கு 100-க்கு மேல், 130, 140 வரை போய்ப் பாருங்கள். பீம் ஹார்டனிங்கால் வந்த கோடு குறையும். ஆனால் இடுப்பில் இரண்டு பக்கமும் இம்பிளான்ட் இருந்து நடுவில் ஃபோட்டானே போகவில்லை என்றால் எந்த கே.ஈ.வி.யாலும் மீட்க முடியாது, அங்கே உலோகக் கோடு குறைக்கும் தனி ரீகன் வேண்டும். உயர் கே.ஈ.வி.யில் அயோடினும் மங்கிவிடும், ரத்தக்குழாயைப் பார்க்க அந்தப் படத்தை நம்ப வேண்டாம்.

8. வி.என்.சி.யும் அயோடின் மேப்பும்

ஒரு நாள் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் ஓடி வந்தான், "அக்கா, கல்லைக் காணோம்" என்று. மருந்து போட்ட கட்டத்திலிருந்து எடுத்த வி.என்.சி. படம். சிறுநீரகத்தில் 2 மி.மீ. கல் இருந்தது, அயோடினைக் கழிக்கும்போது அதையும் சேர்த்துக் கழித்துவிட்டது. கால்சியமும் குறைந்த எனர்ஜியில் அதிகமாகத் தெரிகிற பொருள்தான், இரண்டே பொருள் தெரிந்த கணக்கு அதன் ஒரு பகுதியை அயோடின் என்று எடுத்துக்கொள்ளும். சின்னக் கல் மறையும், பெரிய சுண்ணாம்புப் படிவு சிறுத்துத் தெரியும். கல் தேடுகிற நோயாளிக்கு மருந்தில்லாத உண்மைப் படத்தைத் தவிர்த்து வி.என்.சி.யை மட்டும் தராதீர்கள்.

வி.என்.சி. எண் உண்மைப் படத்திலிருந்து 10, 15 ஹெச்.யு. வரை விலகலாம். அட்ரினல் கட்டியில் 10 ஹெச்.யு. என்பதே முடிவு செய்கிற எல்லையாக இருக்கும்போது இந்த விலகல் சின்ன விஷயமில்லை. எல்லையை ஒட்டி வந்தால் ரேடியாலஜிஸ்டிடம் சொல்லிவிடுங்கள்.

அயோடினை அளக்கும்போது வட்டத்தைப் பெரிதாக, விளிம்பைத் தொடாமல் போடுங்கள். ஒற்றைப் பிக்சலின் நாய்ஸ் பெரியது, வட்டம் பெரிதானால் சராசரி நிலைக்கும். இரண்டு நாள் ஸ்கேனை ஒப்பிட வேண்டுமென்றால் பெருந்தமனியின் அயோடினால் வகுத்து விகிதமாக எழுதுங்கள். இதயம் எவ்வளவு வேகமாக மருந்தைத் தள்ளியது என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும்.

9. கல்லின் வகை

யூரிக் அமிலக் கல்லில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன். எல்லாம் லேசான தனிமங்கள், லோவிலும் ஹையிலும் ஏறக்குறைய ஒரே ஹெச்.யு., விகிதம் 1-ஐ ஒட்டி நிற்கும். கால்சியத்தின் அணு எண் 20, லோவில் கூடும், விகிதம் 1-ஐத் தாண்டி மேலே போகும். இவ்வளவுதான் சூத்திரம். யூரிக் அமிலக் கல் என்றால் சிறுநீரின் அமிலத்தன்மையை மருந்தால் குறைத்துக் கரைக்கப் பார்க்கலாம். அதனால்தான் சித்திரை வெயிலில் கல் வலியோடு வருகிறவருக்கு நாம் கொடுக்கிற இந்த ஒரு விகிதம் ஆபரேஷன் வேண்டுமா என்ற முடிவுவரை போகிறது.

3 மி.மீ.க்குக் குறைந்த கல்லில் இந்த விகிதத்தை நம்பாதீர்கள். கலப்புக் கல்லும் உண்டு, உள்ளே யூரிக், வெளியே கால்சியம். முழுக் கல்லுக்கும் ஒரே வட்டம் போட்டால் நடுவில் ஒரு எண் வந்து இரண்டுக்கும் சேராமல் போகும். ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பாருங்கள். எல்லைக் கோடு மெஷினுக்கு மெஷின், கே.வி. ஜோடிக்கு ஜோடி மாறும், வேறொரு சென்டரின் எண்ணை எடுத்துவந்து போடாதீர்கள்.

கௌட் (மூட்டில் யூரிக் அமிலப் படிகம் சேருகிற நோய்) ஸ்கேனிலும் இதே தத்துவம். அங்கே நகம், காய்த்துப்போன தோல், அசைவு எல்லாம் படிகம் மாதிரி நிறம் காட்டும். நகத்தடியில் மட்டும் நிறம் தெரிந்தால் அது கௌட் இல்லை.

10. உங்கள் மெஷினை நீங்களே சோதிக்க

இதற்குப் பெரிய செலவு இல்லை. நோயாளிக்குப் போட்டு மிச்சமான கான்ட்ராஸ்ட், ஒரு மி.லி.க்கு 300 மில்லிகிராம் அயோடின் உள்ளது, கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். 1 மி.லி. மருந்தைத் தண்ணீர் சேர்த்து மொத்தம் 150 மி.லி. ஆக்கினால் 2 மில்லிகிராம்/மி.லி. 60 மி.லி. ஆக்கினால் 5. 30 மி.லி. ஆக்கினால் 10. வெறும் தண்ணீர் ஒன்று. நாலையும் சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல் அடைத்து, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் நிற்க வைத்து, வழக்கமான புரோட்டோகாலில் எடுங்கள். தண்ணீரை அளக்க வீட்டு டம்ளர் வேண்டாம், சிரிஞ்சால் அளங்கள். அளவு தப்பினால் மெஷின் தப்பா கை தப்பா என்று தெரியாது.

5 மில்லிகிராம் குழாய் 70 கே.ஈ.வி.யில் 130 ஹெச்.யு.க்குப் பக்கத்தில் வர வேண்டும், 40-இல் 410-ஐ ஒட்டி. அயோடின் மேப் 2, 5, 10 என்று காட்ட வேண்டும். அதைவிட முக்கியம், வெறும் தண்ணீர்க் குழாய் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அங்கே 0.3 காட்டினால், நோயாளியின் கட்டியில் வருகிற 0.4-க்கு அர்த்தம் இல்லை. டப்பாவை நடுவில் வைத்து ஒரு தடவை, ஓரமாக நகர்த்தி ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், மையப்படுத்துவது ஏன் அவசியம் என்று யாரும் சொல்லாமலே புரியும். மாதம் ஒரு தடவை செய்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சர்வீஸ் இன்ஜினியர் வரும்போது அந்த நோட்டுதான் பேசும்.

11. சேமிப்பது

பாக்ஸுக்கு (PACS, படங்களைச் சேமித்து டாக்டருக்குக் காட்டுகிற கணினி அமைப்பு) கலர் படமும் கலப்புப் படமும் மட்டும் போய்ச் சேரும், மெல்லிய லோவும் ஹையும் கன்சோலிலேயே தங்கிவிடும். சில நாளில் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் ரா டேட்டா (மூல அளவீடு) தானாக அழிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து டாக்டர் வேறொரு கேள்வியோடு திரும்பி வந்தால் நம்மிடம் எதுவும் இருக்காது, நோயாளிக்கு இன்னொரு ஸ்கேன். அதனால் டூயல் எனர்ஜி கேஸ் எதுவானாலும், மெல்லிய லோ ஹை ஜோடியை, டூயல் லேயர் என்றால் ஸ்பெக்ட்ரல் ஃபைலை (இரண்டு எனர்ஜித் தகவலும் சேர்ந்த கோப்பை), அன்றைக்கே ஆர்க்கைவுக்கு அனுப்பிவிடுங்கள். கெர்னல், இட்டரேட்டிவ் வலிமை, கே.வி. ஜோடி மூன்றையும் ஒர்க் லிஸ்ட் குறிப்பில் எழுதுங்கள். ஃபாலோ-அப் ஸ்கேனுக்கு வருகிறவரை அடுத்த ஷிஃப்ட்டில் வேறு யாரோ எடுப்பார்கள், அவர்கள் அதே செட்டிங்கைப் போட்டால்தான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.